அதுவரைக்கும் ஒரு பி.எஸ்சி.

கடந்த மே மாதம் கல்லூரியின் சேர்க்கை உதவி மையத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்களைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது, மே மாத வேலை மட்டும் உண்டு. அது வேறொரு கட்டுரைக்கான சங்கதி.

வரிசையில் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மஞ்சள் பையில் சான்றிதழ்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். அவர் கட்டட வேலை செய்பவர் என்பது விரல் இடுக்கில் இருந்த சிமெண்ட் வெளுப்பிலேயே தெரிந்தது.

"மேடம், பாப்பா நீட் எழுதியிருக்கு. இந்த வருஷம் வராதுன்னு அதுவே சொல்லுது. அடுத்த வருஷம் டாக்டருக்குப் போயிடும். அதுவரைக்கும் எதுலயாவது ஒக்கார வச்சிருங்க."

"எதுல ஒக்காரணும்னு நீங்க சொல்லுங்கண்ணா."

"டாக்டருக்கு எது ஒத்துவருமோ அது."

அந்தப் பெண் அதுவரை பேசவில்லை. அப்பா குடிநீர்க் குழாய்ப் பக்கம் போனதும் மெதுவாகக் கேட்டாள்: "சுவாலஜியா, பாட்டனியா மேடம்? எது எடுத்தா நீட்டுக்கு உதவும்?"

உண்மையான பதில், எதுவும் உதவாது என்பதுதான். பின்னால் நாற்பது பேர் நிற்கும் வரிசையில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? "சுவாலஜி போடும்மா, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு ஜூன் மாதமும் என் வகுப்பின் கடைசி இரண்டு பெஞ்சில் நீட் கைடைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்காரும் எல்லாப் பிள்ளைகளுக்கும்.

யூடியூப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் சிலர், "நம்ம ஊர்ல ப்ரீ-மெட் உண்டா மேடம்?" என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் மருத்துவம் என்பது பட்டத்துக்குப் பிறகு படிக்கும் படிப்பு. முதலில் நான்கு வருடம் ஏதோ ஒரு பாடத்தில் பட்டம் வாங்க வேண்டும். அது உயிரியலாக இருக்கலாம், வரலாறாகவும் இருக்கலாம். குறிப்பிட்ட அறிவியல் தாள்களை முடித்திருந்தால் போதும். அதன்பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்கான தேர்வு. அங்கே எந்த மேஜர் என்ற கேள்விக்குப் பொருள் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு படிக்கட்டே கிடையாது. பி.எஸ்சி. முடித்தவரும் பிளஸ் டூ முடித்தவரும் ஒரே நீட் தேர்வை எழுதி, ஒரே தரவரிசையில் நின்று, ஒரே முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். வகுப்பில் உட்கார வேண்டும். மூன்று வருடம் விலங்கியல் படித்ததற்கு ஒரு மதிப்பெண்கூடச் சேராது.

சேராததோடு, கழிந்தும் போகிறது. நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். அதில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பெரும்பாலும் எங்கே கவிழ்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இயற்பியலில். விலங்கியல் துறையில் சேர்ந்தால் துணைப்பாடமாக வேதியியல் வரும், தாவரவியல் வரும். இயற்பியல் பெரும்பாலான கல்லூரிகளில் எட்டிப்பார்க்காது. டாக்டர் ஆகப் போகிறோம் என்று விலங்கியலை எடுக்கும் பிள்ளை, தனக்கு எதில் பலவீனமோ அதை மூன்று வருடம் தொடாமல் இருந்துவிட்டு மீண்டும் அதே தேர்வுக்குப் போகிறது. சரி, விலங்கியலாவது உதவுமா? நாங்கள் முதல் வருடத்தில் முதுகெலும்பற்றவற்றின் வகைப்பாட்டை விரிவாக நடத்துகிறோம். மண்புழுவின் நெஃப்ரீடியத்தைப் படம் போட்டு வாங்குகிறோம். நீட் கேட்பதோ பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரியை. அதைவிடக் கூடுதலாகத் தெரிந்தவர் சில கேள்விகளில் யோசித்தே தப்பாக எழுதி, தப்புக்கு ஒரு மதிப்பெண் இழந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியிருந்தும் ஏன் வருகிறார்கள்? வேறு எங்கேயும் காத்திருக்க அவர்களுக்கு இடம் இல்லை என்பதால்தான்.

வசதி உள்ள வீட்டில் ஒரு வருடம் 'டிராப்' எடுத்தால் அதற்கு ஓர் அறை உண்டு, மேசை உண்டு, பயிற்சி மையத்தின் விடுதி உண்டு. "என்ன பண்றான் பையன்?" என்று யாராவது கேட்டால், "நீட்டுக்குப் ப்ரிப்பேர் பண்றான்" என்று சொல்லலாம். நம் தெருவில் ஒரு பெண்பிள்ளை ஒரு வருடம் எங்கும் போகாமல் வீட்டில் இருந்தால் அதற்குப் பெயர் படிப்பு நின்றுபோச்சு. அடுத்த கேள்வி மாப்பிள்ளை. பையனாக இருந்தால் திருப்பூர், இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர். கல்லூரியில் பெயர் இருந்தால்தான் ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பஸ் பாஸ். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. டிராப் எடுத்தால் இதில் ஒன்றுமே கிடையாது. ஆக, அரசு கலைக் கல்லூரியின் பி.எஸ்சி. இருக்கைதான் ஏழையின் டிராப் வருடம். அந்த அப்பா "ஒக்கார வச்சிருங்க" என்று சொன்னது மிகச் சரியான வார்த்தை.

நீட் வருவதற்கு முன்பும் பின்பும் மருத்துவ இடம் பெற்றவர்கள் யார் என்று நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் கணக்கெடுத்துக் கொடுத்தது. 2016-17-இல் இடம் பெற்றவர்களில் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ முயன்றவர்கள் 12.47 விழுக்காடு. 2020-21-இல் அது 71.42 விழுக்காடு. இந்த இரண்டு எண்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. தகுதி, திறமை என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்: நான்கே வருடத்தில் நம் மாநிலத்துப் பிள்ளைகள் எல்லோரும் திடீரென்று முதல் முயற்சியில் தகுதி இழந்துவிட்டார்களா? தேர்வு கேட்பது காத்திருக்கும் வசதியை. ஒரு வருடம், இரண்டு வருடம் சம்பாதிக்காமல் ஒருவரை உட்கார வைத்துச் சோறு போட்டுப் பயிற்சிக் கட்டணமும் கட்ட முடிகிற வீடு எது? 2022-இல் நீட் எழுதுவதற்கான உச்ச வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். இது நமக்கும் நல்லதுதானே என்று அப்போது நம் தோழர்களே சிலர் எழுதினார்கள். முப்பது வயது வரை ஒரு பிள்ளையைக் காத்திருக்க வைக்க நம்மில் எந்த வீட்டால் முடியும்?

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்ததை நீதிக்கட்சி ஆட்சி ஒழித்தது என்று மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சம்பகம் துரைராஜன் வழக்கும் நமக்குத் தெரியும். பதினான்கு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து மருத்துவக் கல்லூரி இடம் கேட்டு அவர் நீதிமன்றம் போனார். கல்லூரிக்கு விண்ணப்பமே போடாமல் வழக்குப் போட்டவர் என்பதும் வெளியே வந்தது. 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. நாம் தெருவில் இறங்கினோம். அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இந்த வரலாற்றில் நான் அடிக்கடி யோசிக்கும் சிறு விவரம் வேறு. சம்பகம் அப்போதே பட்டம் பெற்றவர். ஒரு பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பல வருடம் கழித்து, டாக்டருக்குப் படிக்கலாமா என்று நினைத்துப் பார்க்கும் நிதானம் 1950-இல் எந்தத் தெருவுக்கு இருந்தது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பிளஸ் டூ முடித்தது 2003-இல். மாநில நுழைவுத் தேர்வு இருந்த காலம். உயிரியலில் 187, இயற்பியலில் 151. நுழைவுத் தேர்விலும் அதே இயற்பியல்தான் காலை வாரியது. ஊர்த்தெருவில் என்னோடு படித்தவன் ஒருவன் என்னைவிடக் குறைவாக எடுத்திருந்தான். அப்போது 'இம்ப்ரூவ்மென்ட்' என்று ஒன்று உண்டு. மதிப்பெண் போதாதவர்கள் மறுபடி பிளஸ் டூ தேர்வு எழுதலாம். அவன் அப்பா நிலத்தை ஒத்திக்கு வைத்து நாமக்கல் பக்கம் தங்கிப் படிக்க அனுப்பினார். இப்போது அவன் எலும்பு மருத்துவர். நல்ல மருத்துவர்தான். என் அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அவன்தான் பார்த்தான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவனுக்கு ஒரு வருடம் சொந்தமாக இருந்தது, எனக்கு இல்லை.

நான் அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தேன். அதுவரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டு. அந்த முதல் வருடத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஒரு கால் வகுப்புக்குள், ஒரு கால் வெளியே. சக மாணவிகளோடு ஒட்டவில்லை. நான் இங்கே இருக்க வேண்டியவள் இல்லை என்ற நினைப்பு. ரெக்கார்டு நோட்டில் படம் வரையவில்லை. இரண்டு தாளில் அரியர். நுழைவுத் தேர்வையும் மறுபடி எழுதவில்லை, விண்ணப்பம் வாங்கும் தேதியே தெரியாமல் போய்விட்டது. இரண்டாம் வருடம் உடலியங்கியல் செய்முறை வகுப்பில் தவளையின் இதயம் உடலைவிட்டு எடுத்த பிறகும் உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். இப்போது தவளை அறுப்பதெல்லாம் கிடையாது. நிறுத்தியது நல்லதே. ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் இந்தப் பாடம் தன்னளவில் ஒரு பாடம் என்பது தெரிந்தது. நரம்பு இல்லாமல் இதயம் எப்படித் துடிக்கிறது என்று கேட்டேன். பேராசிரியர் நூலகத்துக்குக் கூட்டிப்போய் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று வந்தேன்.

அதனால் டாக்டர் கனவை விட்டுவிடு என்று சொல்ல வருகிறேன் என நினைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் ஏன் எல்லோரும் டாக்டர் என்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சம்பளம் மட்டும் காரணமில்லை. என் சின்ன வயதில் எங்களூருக்கு வைத்தியம் பார்க்க வரும் ஒருவர் எங்கள் தெருக்காரர்களுக்கு நாடி பிடித்துப் பார்க்க மாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார், தூரத்திலிருந்து பார்ப்பார், மாத்திரையைத் திண்ணையில் வைப்பார். என் தாத்தா காய்ச்சலோடு அந்த மாத்திரையைக் குனிந்து பொறுக்கியதைப் பார்த்தவள் நான். தொடுதலே தொழிலாக இருக்கும் ஓர் இடத்தில் நம் பிள்ளை உட்கார வேண்டும், யார் வந்தாலும் கையை நீட்ட வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்படுவதில் தப்பு காண எனக்கு வாய் வராது. 1,176 மதிப்பெண் எடுத்த குழுமூர் அனிதா உச்ச நீதிமன்றம் வரை போனது அந்த நாற்காலிக்காகத்தான். 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி அன்று நாம் எங்கே இருந்தோம் என்பது நம் ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கிறது.

நீட் ஒழிய வேண்டும். சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றி அனுப்பிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தது மாநிலத்தின் முகத்தில் அறைந்தது. அந்தப் போராட்டத்தில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. போராட்டம் முடியும்வரை இந்த வருடம் பதினேழு வயதாகும் பிள்ளை என்ன செய்வது? அதைப் பற்றி நம் இயக்கங்கள் ஒரு துண்டறிக்கைகூடப் போட்டதில்லை. நீட் எதிர்ப்புக் கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கும் தோழரிடம் ஒரு மாணவி, "அப்ப நான் என்ன படிக்கட்டும் தோழர்?" என்று கேட்டாள். "இப்போதைக்கு ஏதாவது டிகிரி போடும்மா" என்றார். அந்த 'ஏதாவது'வில்தான் என் கோபம் எல்லாம்.

ஏதாவது இல்லை. துறைக்குத் துறை வித்தியாசம் இருக்கிறது. இதைச் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நலவாழ்வுத் துறையில் வேலை செய்ய ஆசை என்றால் நீட் மட்டும்தான் கதவு என்று யார் சொன்னது? பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பாராமெடிக்கல் பட்டப் படிப்புகள் எல்லாம் நம் மாநிலத்தில் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நடக்கின்றன. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கலந்தாய்வு. கலைக் கல்லூரி விண்ணப்பத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அந்தத் தேதியைத் தவறவிட்டு எங்களிடம் வந்து உட்காரும் பிள்ளைகள் நிறைய. சிலர் தெரிந்தே விடுகிறார்கள். "நர்ஸ் வேணாம் மேடம்." ஏன் வேண்டாம் என்று கேட்டால் பதில் வராது. அடுத்தவர் உடம்பைக் கழுவி விடும் வேலையைக் கீழாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது எது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பார்வை நமக்குள்ளும் இருக்கிறது.

அடுத்து, மருத்துவ வாசனை அடிக்கும் பெயர்கள். மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி. பாடமாக இவை அருமையானவை. ஆனால் அரசுக் கல்லூரிகளில் இவை குறைவு. பெரும்பாலும் தனியார் கல்லூரிகளிலும், உதவிபெறும் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவிலும்தான் கிடைக்கும். கட்டணம் பல மடங்கு. அதைக் கட்டுகிற வீட்டில் ஒரு நினைப்பு இருக்கிறது, மைக்ரோபயாலஜி முடித்தால் ஆஸ்பத்திரி லேபில் வேலை என்று. அரசு மருத்துவமனையின் ஆய்வக நுட்புநர் பணிக்கு மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படித்த சான்று கேட்பார்கள். உங்கள் பட்டம் அதற்கு ஈடாகாது. பி.எட். முடித்து ஆசிரியராகலாம் என்றால் அங்கே 'இணைத்தன்மை' என்று ஒரு முட்டுக்கட்டை. உங்கள் பட்டம் விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ வேதியியலுக்கோ இணையானதா என்று அரசாணையைத் தேடிப் பார்க்க வேண்டும். எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சியும் வரை போவேன் என்ற உறுதி இருந்தால் தயங்காமல் எடுங்கள். இரண்டு வருடம் தங்கிப் போகும் சத்திரமாக மட்டும் எடுக்காதீர்கள், வாடகை அதிகம்.

விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல். பழைய பெயர்கள், அரசுக் கல்லூரியில் அநேகமாகக் கட்டணமே இல்லாத பெயர்கள். பி.எட். போட்டு ஆசிரியர் தேர்வு எழுத நேரடியாகச் செல்லுபடியாகும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் பட்டம் பட்டம்தான். இந்த நான்கில் எது? பிளஸ் டூவில் ஆசிரியர் வராத நாளிலும் எந்தப் புத்தகத்தை நீங்களாகத் திறந்தீர்களோ அது. வேறு சூத்திரம் எனக்குத் தெரியாது. வேதியியல் எடுத்தவர்களுக்கு மருந்துத் தொழிற்சாலை, தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் என்று பட்டத்தோடு வேலை கிடைப்பதைப் பார்க்கிறேன். விலங்கியல் எடுத்தவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: கொசு, ஈ, உண்ணி பற்றிப் படிப்பதற்கென்றே புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. உண்டு. டெங்கு வரும் தெருக்கள் எவை, சாக்கடை தேங்கும் தெருக்கள் எவை என்று நமக்குத் தெரியும். அந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளை பூச்சியியல் படித்தால் என்ன கேள்விகள் கேட்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடு போட்டுப் பார்த்தால்தான் காசநோய் தீரும் என்றிருந்த காலம் அது. சென்னையின் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரைச் சொந்தக் குடிசையிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு உலகமே காசநோய் மருத்துவத்தை மாற்றிக்கொண்டது. அந்த ஆய்வில் டாக்டர்கள் இருந்தார்கள். சளியை வளர்த்துக் கிருமியை எண்ணியவர்களும், வீடு வீடாகப் போய் மாத்திரை சாப்பிட்டார்களா என்று பார்த்தவர்களும், எண்களைக் கூட்டிக் கழித்தவர்களும் இருந்தார்கள். வெள்ளைக் கோட்டு இல்லாமல் நடக்கும் மருத்துவமும் உண்டு என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சாட்சி அது.

இதைச் சொன்னால் ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "அவங்க பிள்ளைங்க டாக்டர், நம்ம பிள்ளைங்க கொசு பிடிக்கணுமா?" நியாயமான கேள்வி. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நம் 18 விழுக்காட்டில் ஒரு இடத்தைக்கூட விடக் கூடாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு டிராப் எடுத்தவருக்கும் பி.எஸ்சி. படிப்பவருக்கும் உண்டு. அதையும் பிடித்துக்கொண்டு நீட் எழுதுங்கள். நான் கேட்பது, எழுதுவதற்கு ஒரு கணக்கு வையுங்கள் என்று. ஒரு முறையா, இரண்டு முறையா, முதல் வருடம் முடியும்வரையா என்று வீட்டில் உட்கார்ந்து முதலிலேயே பேசுங்கள். அந்தக் கணக்கு முடிந்த அன்றைக்கு இரண்டாவது காலையும் வகுப்புக்குள் எடுத்து வையுங்கள். 75 விழுக்காடு வருகைப்பதிவு இல்லாமல், செய்முறைத் தேர்வு எழுதாமல், நீட்டும் கிடைக்காமல் மூன்றாம் வருடம் தாள்களை அரியரில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் அறிவு குறைவில்லை.

மாற்றுச் சான்றிதழ் பற்றி ஒன்று. பி.எஸ்சி. நடுவில் மருத்துவ இடம் கிடைத்து விலகப் போனால், மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் அசல் சான்றிதழ்களைத் தருவோம் என்று சில தனியார் கல்லூரிகள் நிற்கும். கலந்தாய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பாக்கள் கந்துவட்டிக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கவே கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் அறிவிக்கை போட்டிருக்கிறது. சேரும்போதே சரிபார்த்துத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் தனியாகச் சண்டை போடாதீர்கள், அமைப்புத் தோழர்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். துண்டறிக்கை போடாவிட்டாலும் இதற்காவது நாம் ஆக வேண்டும்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. நடுவில் ஒருவர் எழுந்து போனால் அந்த இருக்கை மூன்று வருடமும் காலியாகவே கிடக்கும். அதைக் கேட்டு வரிசையில் நின்று கிடைக்காமல் போன ஒரு பிள்ளை எந்தத் தெருவுக்குப் போனது என்று யாரும் பார்ப்பதில்லை. போகிறவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானே போயிருப்பேன். காத்திருப்பதற்கு வேறு இடம் கொடுக்காத அரசு, மாவட்டத்துக்கு ஒரு தங்கும் விடுதியோடு நல்ல பயிற்சி மையம் வைத்து, அந்த 1,000 ரூபாயை அங்கேயும் கொடுத்தால் இந்த இரண்டு பிள்ளைகளும் மோத வேண்டியதில்லை. நீட் ஒழியும்வரை இதையும் கேட்போம்.

மே மாதம் வந்த அந்தப் பெண் விலங்கியல்தான் சேர்ந்தாள். முதல் மூன்று மாதம் கடைசி பெஞ்ச். தொடைமேல் கைடு. நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். அக்டோபரில் மழை ஆரம்பித்தபோது, அவரவர் தெருவில் தேங்கிய தண்ணீரிலிருந்து கொசுப்புழு எடுத்து வரச் சொன்னேன். அவள் ஏழு பாட்டில் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் எந்த இடம், என்ன தேதி என்று சீட்டு. ஆறு பாட்டில் அவள் தெருவில் எடுத்தது, ஒன்று ஊர்த்தெருவில். "அங்க ஒன்னுதான் மேடம் கிடைச்சுது. எல்லாருக்கும் மூடி போட்ட தொட்டி." மைக்ரோஸ்கோப்பில் வைத்து அனாஃபிலஸ் எது, ஏடிஸ் எது என்று காட்டினேன். மூச்சுக் குழல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். அவள் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

வரும் மே மாதம் நீட் எழுதுகிறாள். வீட்டில் பேசி இதுதான் கடைசி என்று முடிவு செய்திருக்கிறார்களாம். தேர்வுக்கு முந்தைய பத்து நாட்கள் விடுப்புக் கேட்டு நேற்று கடிதம் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டேன். போகும்போது திரும்பி நின்று, பாட்டில்களைக் கழுவிவிடலாமா, அடுத்த வருடத்துக்கு வேண்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.